அன்னாசிப் பை போன இடமெல்லாம்

சுங்கைப் பட்டாணி
28–8–1971

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். நானும் வீட்டுக்காரர் அவர்களும் சுகம். மழைதான் ஓயவில்லை. உன் முழங்கால், அத்தானின் தும்மல், ரத்தினபாய் மதினியின் கண்புரை மூன்றும் எப்படி இருக்கின்றன?

போன மாதம் பல் பிடுங்கப் பினாங்குக்குப் போனோம். திரும்பும் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அன்னாசிப் பழம் மாதிரி ஒரு கைப்பை. பின்னிய ஓலை, தலையில் பச்சை இலை, இலையைத் திருகினால் திறக்கும். கன்னம் வீங்கி அழுதுகொண்டிருந்தேனா, அவர்கள் இரக்கப்பட்டு வாங்கித் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "இதை எடுத்துக்கிட்டு வெளியே போகாதே, எஸ்டேட் ஆபீஸ் கிராணி வீட்டு அம்மான்னு நாலு பேர் பார்ப்பாங்க" என்றார்கள். நாலு பேர் பார்க்கத்தானே பை? ஆனால் இங்கே நாலு பேரும் இல்லை. ரப்பர் மரம்தான்.

அதனால் உனக்கு அனுப்புகிறேன். போதகர் வேதசிரோமணி ரஜூலா கப்பலில் வருகிறார், கொண்டுவந்து தருவார். ஒவ்வொரு விசேஷத்துக்கும் எடுத்துக்கொண்டு போ. என்ன புடவை கட்டினாய், யார் பார்த்தார்கள், யார் வயிறு எரிந்தார்கள், எல்லாம் எனக்கு எழுது. உன் கடிதங்களை அவர்கள் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார்கள். அதனால் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

அன்புத் தங்கை
புஷ்பம்

தாம்பரம் கிழக்கு
22–9–1971

என் பிரியமான புஷ்பம்,

ஆண்டவர் கிருபையால் எல்லாரும் நடமாடுகிறோம். சுகம் என்று எழுதினால் என் முழங்கால் கோபித்துக்கொள்ளும். இதை முதலில் படிக்கும் மாப்பிள்ளை ஜெபராஜுக்கும் என் ஸ்தோத்திரம். எழுத்து போதுமான அளவு பெரிதா, மாப்பிள்ளை?

போதகர் வேதசிரோமணி கக்கத்தில் அன்னாசியை இடுக்கிக்கொண்டு வந்தார். நான் மரியாதைக்கு ஒரு தட்டும் கத்தியும் கொண்டுவந்து வைத்தேன். மனுஷர் பதறிப்போய் இலையைத் திருகிக் காட்டினார். நல்ல வேளை, மதினி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள்.

மதினியை, உன் அத்தானின் அக்காவை, உனக்குத் தெரியும். பெண்கள் போர்டிங் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ரிடையர் ஆனவர்கள். பள்ளிதான் அவர்களை விட்டதே தவிர, அவர்கள் சீருடையை விடவில்லை. வீடு அவர்கள் பிராவிடண்ட் பணத்தில் கட்டியது. ஆகவே கிறிஸ்மஸுக்கு ஒரு தான் துணி, சுருள் மொத்தமாக அவர்கள் எடுப்பார்கள். அதில் ஆறு கஜம் கிழித்து ஓரம் அடித்தால் எனக்குப் புடவை. அடுத்த ஆறு கஜம் அவர்களுக்கு. மிச்சத்தில் உன் அத்தானுக்குச் சட்டை, பிலாயில் இருக்கும் என் மகனுக்குப் பார்சலில் சட்டை, தலையணை உறை, ஜன்னல் திரை. "வீடுன்னா ஒரு ஒழுங்கு வேணும் தபீதா" என்பார்கள். போன வருஷம் சாம்பல் நிறத்தில் பச்சைக் கட்டம். ஒரு சாயங்காலம் ஜன்னல் ஓரமாக நின்றேன். உன் அத்தான் காற்று வரட்டும் என்று என்னைத் திரை என்று நினைத்து ஓரமாகத் தள்ளினார். நானும் ஒதுங்கிவிட்டேன். திரை எங்கே பேசும்?

இந்த வீட்டில் அந்தத் தானில் சேராத பொருள் இப்போது இந்தப் பை ஒன்றுதான். பீரோவுக்குள் வைத்தால் மதினி பார்ப்பார்கள். அதனால் பீரோவின் தலையில் வைத்தேன். பழம் மாதிரி இருக்கிறது, யார் சந்தேகப்படுவார்கள்? விசேஷம் வரட்டும், நிச்சயம் எடுத்துப் போகிறேன்.

மாப்பிள்ளைக்கு நீ ஒழுங்காகச் சமைத்துப் போடு.

உன் அக்கா
தபீதாள்

சுங்கைப் பட்டாணி
14–10–1971

அன்புள்ள அக்கா,

இருவரும் சுகம். பல் இல்லாத இடத்தில் நாக்கு போய்ப் போய் வருகிறது, அவ்வளவுதான்.

திரைக் கதையைப் படித்து அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பை எங்கே போனது, எழுது. கூடைக்காரி மாதிரிப் பிடிக்காதே, முழங்கையில் மாட்டிக்கொள். எஸ்டேட் கிளப்பில் கிறிஸ்மஸ் விருந்து உண்டு. வெள்ளைக்கார மானேஜர்களுக்கு மட்டும்.

புஷ்பம்

தாம்பரம் கிழக்கு
8–11–1971

பிரியமான புஷ்பம்,

உன் நாக்குக்கும் பல்லுக்கும் ஆண்டவர் சமாதானம் தருவாராக. இங்கே எனக்கு ஜலதோஷம், உன் அத்தானுக்குத் தொண்டைக் கட்டு. காரணம் போன மாதத்து அறுப்பின் பண்டிகை ஏலம்.

எங்களுக்கு வயலும் கிடையாது வரப்பும் கிடையாது. சனிக்கிழமை மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயை ஞாயிற்றுக்கிழமை நாங்களே விளைவித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆலயத்தில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். உன் அத்தான்தான் சபைப் பொருளாளர், அவர்தான் ஏலம் போடுகிறவர். வீட்டில் உப்பு வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படுகிற மனுஷர், அன்றைக்கு முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கத்துவது செங்கல்பட்டு வரை கேட்கும். பக்கத்து வீட்டுப் பட்டு மாமியும் வருவார்கள். தோத்தாத்ரி மாமாவின் மனைவி. மாமாவுக்கு ஏ.ஜி. ஆபீசில் உத்தியோகம். "கோயில்னா கோயில்தானே, கத்திரிக்கா கத்திரிக்காதானே" என்று மாமி முன் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வருஷம் மாமி ஒன்றை ஏலத்தில் எடுத்தார்கள். என்ன எடுத்தார்கள் என்பது இப்போது இருக்கட்டும்.

பையைப் பற்றிக் கேட்டாயே. பை பல்லாவரம் போனது. அங்கே ஒரு வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். மயில்கழுத்து நிறப் புடவை. முழங்கையில்தான் மாட்டியிருந்தது. ஒரு அம்மாள், "இது எந்த ஊர்ப் பழம்?" என்று தொட்டுப் பார்த்தார்களாம். போன வாரம் படப்பைக்குப் போனது. பஸ்ஸில் கண்டக்டர், "பழத்துக்கு லக்கேஜ் போடணும்மா" என்று தகராறு செய்ய, இலையைத் திருகி உள்ளே இருந்த சில்லறையைக் காட்டியதும் பஸ்ஸே சிரித்ததாம். பை நல்ல கையில் இருக்கிறது, கவலைப்படாதே.

மாப்பிள்ளைக்கு இருமல் இருந்தால் துளசிச் சாறு கொடு.

தபீதாள்

சுங்கைப் பட்டாணி
10–12–1971

அன்புள்ள அக்கா,

சுகம். மிகவும் சுகம். உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குத் தலைவலிகூட வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் கடிதத்தை இப்போது நான் சும்மா படிப்பதில்லை. அவர்கள் ஆபீசுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் உட்கார்ந்து படிக்கிறேன். பல்லாவரம் போகும்போது வீட்டுப் புடவையிலா போவது? படப்பை பஸ்ஸில் நானும் சிரித்தேன். அந்தக் கண்டக்டருக்கு மீசை உண்டா?

நிறைய இடத்துக்குப் போ, அக்கா. முழங்கால் வலித்தாலும் போ.

புஷ்பம்

தாம்பரம் கிழக்கு
17–2–1972

பிரியமான புஷ்பம்,

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்மஸ் போனது, புது வருஷம் வந்தது, தானில் பச்சைக் கட்டமே மறுபடி வந்தது, கட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. கண்டக்டருக்கு மீசை உண்டு, ஒரு பக்கம் கொஞ்சம் குறைவு.

ஒரு பெரிய செய்தி. நங்கநல்லூரில் நம் லாசரஸ் வாத்தியார் மகள் கல்யாணம். பை போய் வந்தது. அரக்கு நிறப் பட்டு, தலை நிறைய கதம்பம். விடியற்காலையிலேயே கூட்டம். அங்கே நடந்த வெட்கக்கேட்டை என்ன சொல்ல! தாலி கட்டுவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை என்னவோ கோபித்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியும் விசிறியுமாகத் தெருவில் இறங்கி நடந்துவிட்டாராம்! பெண்ணின் அப்பா பின்னாலேயே ஓடி, காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்தார். இத்தனைக்கும் யாரும் அதிர்ச்சி அடையவில்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். காலம் கெட்டுப்போயிற்று. லாசரஸ் வாத்தியாரை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. அப்புறம் மாப்பிள்ளையும் பெண்ணும் சமாதானமாகி ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். திரும்பும்போது பைக்குள் தேங்காயும் மஞ்சள் கிழங்கும் போட்டுக் கொடுத்தார்கள். பையின் வயிறு தாங்கியது.

நம் மாப்பிள்ளை குடை எடுத்தால் மழைக்குத்தானே? விசாரித்ததாகச் சொல்.

தபீதாள்

சுங்கைப் பட்டாணி
9–3–1972

அன்புள்ள அக்கா,

நானும் அவர்களும் சுகம். குடை மழைக்குத்தான்.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சாம்பசிவனின் மனைவி சாவித்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். நான் இந்தப் பக்கம் நிற்பேன். அவளிடம் லாசரஸ் வாத்தியார் மருமகன் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொன்னேன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, அது காசி யாத்திரைடி! எங்க ஜாதியில எல்லா மாப்பிள்ளையும் குடையோட கிளம்புவான், எல்லா மாமனாரும் போய்க் கெஞ்சுவார். என் ஆத்துக்காரரும் கிளம்பினார், பத்தடி போறதுக்குள்ள செருப்பு கடிச்சு நின்னுட்டார்" என்றாள்.

அக்கா, லாசரஸ் வாத்தியார் மருமகனுக்குக் காசியில் என்ன வேலை? அன்னாசிப் பைக்குள் மஞ்சள் கிழங்கு எப்படி வந்தது? நீ எங்கே போயிருந்தாய்?

புஷ்பம்

தாம்பரம் கிழக்கு
20–6–1972

பிரியமான புஷ்பம்,

வெயிலில் எல்லாரும் வாடிக் கிடக்கிறோம். இத்தனை நாள் எழுதாததற்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம். முழங்காலால் யாரும் எழுதுவதில்லை என்று நீ சொல்வாய்.

நான் எங்கேயும் போகவில்லை. பீரோவுக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் இருந்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் மதினி படையல் கூடையை நிரப்பினார்கள். கண்புரை, மூக்குக் கண்ணாடியும் எங்கேயோ வைத்துவிட்டார்கள். பீரோத் தலையில் கை போட்டு, "தபீதா, அன்னாசி வாங்கினதை ஏன் சொல்லல? லேசா இருக்கே, பிஞ்சுல பறிச்சுட்டானா?" என்று கேட்டுக்கொண்டே கூடையில் வைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். மதினி திரும்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். பை என்று சொன்னால் யார் தந்தது, எப்போது வந்தது, ஏன் மறைத்தாய், இந்த வயசில் இது எதற்கு என்று நாலு கேள்வி. அந்த நாலுக்கும் பயந்து பையைப் பழமாகவே விட்டுவிட்டேன்.

மறுநாள் உன் அத்தான் அதைத் தூக்கிப் பிடித்து, "நல்ல மலையாளத்து அன்னாசி! ஒரு தரம்!" என்றார். இலை கையோடு திருகிக்கொண்டு வந்துவிட்டது. சபையே சிரித்தது. மதினி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எதுவா இருந்தா என்ன, படைச்சது படைச்சதுதான். ஆண்டவர் கையில கொடுத்ததைத் திரும்பக் கேக்கிறது எங்க வீட்டுல வழக்கமில்லை" என்றார்கள். சபைக்கு முன்னால் அப்படிச் சொன்ன பிறகு வீட்டில் அந்த நாலு கேள்வியையும் அவர்களால் கேட்க முடியவில்லை. பட்டு மாமி கையைத் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மதிலுக்கு மேலே தலை நீட்டி, "தபீதா, மாமாகிட்டச் சொல்லாமலே எடுத்துட்டேன்டி! எங்காத்துல இருந்து ஒண்ணு வெளியே போறதுன்னா அது நானும் இந்தப் பழமும்தான்" என்றார்கள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது?

மாமி எங்கே போனாலும் திரும்பி வந்து மதில் ஓரம் நின்று சொல்வார்கள். நான் அரிசி களைந்துகொண்டே கேட்பேன். கொஞ்சம் கிறிஸ்தவப் பெயர் தடவி உனக்கு எழுதுவேன். காசி யாத்திரை அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, பாதிதான் காதில் விழுந்தது.

கோபித்துக்கொள், ஆனால் குடை எடுக்காதே.

தபீதாள்

சுங்கைப் பட்டாணி
5–7–1972

அன்புள்ள அக்கா,

சுகம் என்று எழுதுகிறேன், நீயும் அப்படியே எடுத்துக்கொள்.

கோபம் இல்லை. யார் கையில் போனால் என்ன, பை போகிறதே. மாமியைக் கேட்டுக் கேட்டு எழுது. நிறுத்திவிடாதே. நாலு மாதமாக நான் அந்தப் பட்டைக் கட்டவில்லை.

இன்னொன்று அனுப்புகிறேன். மீன். பாசிமணியில் செதில், வாயைத் திறந்தால் பணம் போடலாம். "வீட்டில் இடத்தை அடைக்கிறது, அனுப்பிவிடு" என்று அவர்களே சொன்னார்கள். இதைப் பீரோத் தலையில் வைக்காதே. மதினி குழம்பு வைத்துவிடுவார்கள்.

புஷ்பம்

தாம்பரம் கிழக்கு
27–11–1972

பிரியமான புஷ்பம்,

எல்லாரும் பிழைத்திருக்கிறோம். நான் பிழைத்தது எப்படி என்பதுதான் இந்தக் கடிதம். மாப்பிள்ளை, கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து படியுங்கள், நீளம்.

மீன் வந்தது. அரிசிப் பானைக்குள் வைத்தேன். மதினி அரிசி அளப்பதில்லை. ஆனால் எழுத விஷயம் இல்லாமல் போயிற்று. தோத்தாத்ரி மாமாவை டில்லிக்கு மாற்றிவிட்டார்கள். மாமி ரயில் ஜன்னலில் அன்னாசியைத் தூக்கி ஆட்டினார்கள். ரயில் போகப் போக மாமியின் முகம் மறைந்துவிட்டது, பச்சை இலை மட்டும் தெரிந்தது. இனி மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. உனக்கு எங்கே இருந்து ஊர் கொண்டுவருவது என்று நினைத்துக்கொண்டே மின்சார ரயிலில் வீடு வந்தேன்.

வந்தால் நடுக்கூடத்தில் இந்த வருஷத்துத் தான். பிறக்கும்போதே அழுக்கான துணி, புஷ்பம். கடுகு அரைத்த நிறம், அதில் காப்பி சிந்தின மாதிரி வட்டம் வட்டமாக. மதினி தடவிப் பார்த்து, "கெட்டித் துணி தபீதா, நாலு கிறிஸ்மஸுக்கு வரும்" என்றார்கள். நாலு! உன் அத்தானைப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்தார்.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. மதினி கூடையை நிரப்பினார்கள். நான் வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கூடத்தில் ஒரு நிமிஷம் யாரும் இல்லை. பூசணிக்காயை எடுத்தேன். தானைக் கூடையின் அடியில் வைத்தேன். அதன் மேல் பூசணிக்காயை உட்கார வைத்தேன். ஆண்டவருக்கு இதைவிட மனப்பூர்வமாக நான் எதையும் படைத்ததில்லை.

ஏலத்தில் பூசணிக்காய் போனது. உன் அத்தான் அடுத்ததாகக் கையை விட்டார், தான் வந்தது. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். மதினி எழுந்து நிற்கப் போனார்கள். பின்னால் இருந்து யாரோ, "படைச்சது படைச்சதுதானே, டீச்சரம்மா?" என்றார்கள். போன வருஷத்து வார்த்தை! மதினி உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஏலம் கேட்டு எடுத்துவிடலாம் என்று கை தூக்கினார்கள். அப்போதுதான் பந்தல்காரர் துளசிங்கம் எழுந்தார். "இன்னா சார் அது, துணி நல்லா கெட்டியா கீதே! பந்தலுக்கு சைடுல கட்ட ஆவும்" என்று விலை கேட்க, மதினி ஏற்ற, துளசிங்கம் ஏற்ற, "டீச்சரம்மா, இத்த நீங்க இன்னாத்துக்குக் கேக்கறீங்க? வூட்டுல கட்டறதுக்கா?" என்றார் அந்த நல்ல மனுஷர். சபை சிரித்தது. மதினியின் கை இறங்கியது. "மூணு தரம்!" என்று உன் அத்தான் சொன்னது எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

வீட்டில் மதினி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வேறே தானுக்கு இந்த வருஷம் வழியில்லை. நாங்க பழசையே கட்டிக்கிறோம். உனக்கு வேணுங்கிறதை நீயே போய் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்கள்.

கேட்டாயா, நீயே போய் எடுத்துக்கோ! நேற்று அரிசிப் பானையில் இருந்து மீனை எடுத்துத் தட்டி, முழங்கையில் மாட்டிக்கொண்டு மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். கடைப் பையன் பாயை விரித்து, "இன்னா கலரும்மா பாக்கறீங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை, புஷ்பம். ஒன்றை விரித்தான், நல்லா இருக்கு என்றேன். இன்னொன்றை விரித்தான், அதுவும் நல்லா இருக்கு என்றேன். மலை மாதிரிக் குவித்துவிட்டு, "கோச்சிக்காதம்மா, உங்களுக்கு இன்னாதான் புடிக்கும்?" என்றான். என் வாயில் தானாக வந்தது, "எங்க மதினிக்கு எது புடிக்குமோ அது மாதிரி காட்டுப்பா." அவன் சிரிக்கவில்லை. "அப்ப அவங்களை இட்டுகினு வாங்கம்மா" என்று மடிக்க ஆரம்பித்தான். வெறுங்கையோடு வந்தேன். மீனின் வாய் மட்டும் திறந்திருந்தது.

எனக்கு என்ன நிறம் பிடிக்கும்? உனக்காவது ஞாபகம் இருக்கிறதா? சீக்கிரம் எழுது.

தபீதாள்

சுங்கைப் பட்டாணி
8–12–1972

அன்புள்ள அக்கா,

சுகம். ஜீப் கிடைக்காது என்பதால் கிறிஸ்மஸுக்கு ஆலயத்துக்குப் போகவில்லை, வீட்டிலேயே ஜெபம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஞாபகம் இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் மதினி இருந்த இடத்தில் நான் உட்கார்ந்த மாதிரி. மறுபடி போ. பாய் முழுக்க விரிக்கச் சொல். அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வாங்கிய பிறகு எழுது. பட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

புஷ்பம்

தாம்பரம் கிழக்கு
26–12–1972

என் பிரியமான புஷ்பம்,

பண்டிகை வாழ்த்துகள். முழங்காலை விசாரிக்காதே, நேற்று அதுவும் நானும் நன்றாக நின்றோம்.

மறுபடி போனேன். அதே பையன். "இன்னாம்மா, மதினியை இட்டுகினு வந்தீங்களா?" என்றான். "இல்லப்பா, மீனைத்தான் இட்டுகினு வந்தேன்" என்றேன். விரித்துக்கொண்டே போனான். கத்திரிப்பூ நிறத்தில் ஆரஞ்சுக் கரை போட்ட ஒன்று வந்தபோது என் கை அவனுக்கு முன்னால் போய் விழுந்தது. ஏன் என்று கேட்காதே. "பில் போடவாம்மா?" என்றான். போடு என்றேன். உனக்கு ஞாபகம் இருந்த நிறம் இதுதானா என்று எழுத வேண்டாம். இதுவாக இல்லாவிட்டாலும் இப்போது இதுதான்.

மதினி முந்தானையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்கள். "சாயம் போகும்" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, "வெயில்ல காயப்போடாதே" என்றார்கள். அவ்வளவுதான்.

உன் அத்தான் பண்டிகை அதிகாலையில் நான் உடுத்துவதற்கு முன்னாலேயே ஆலயத்துக்குப் போய்விட்டார். பொருளாளர் அல்லவா. நான் மதினியோடு போனேன். ஆலய முற்றத்தில் துளசிங்கம் பந்தல் போட்டிருந்தார். சுற்றிலும் கடுகு நிறம், காப்பி வட்டம். அத்தனை கஜமும் காற்றில் ஆடியது. நான் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஆராதனை முடிந்து வாசலில் நெரிசல். உன் அத்தான் காணிக்கைப் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக வந்தார். தலைக்கு மேலாக எட்டி எட்டி என்னைத் தேடுகிறார் என்று தெரிந்தது. மதினி தூணோரம் பச்சைக் கட்டத்தில் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சைக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நேராக என் எதிரில் வந்து நின்று, என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே, "அம்மா, கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

திரை என்று தள்ளினபோது ஒதுங்கினேன். பழம் என்று எடுத்துப் போனபோது வாயை மூடிக்கொண்டேன். நேற்று மீனை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். முதலில் மீனைப் பார்த்தார். அப்புறம் புடவையை. அப்புறம் மெதுவாக நிமிர்ந்து முகத்தை. "நீயா?" என்றார்.

 நான் வழி விடவில்லை, புஷ்பம்.

உன் அக்கா
தபீதாள்

பி.கு.: மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். படித்ததும் அவள் கையில் கொடுத்துவிட்டு, தயவு செய்து கொஞ்ச நேரம் வராந்தாவில் போய் நில்லுங்கள். அவள் உடுத்திக்கொண்டு படிக்க வேண்டும்.